பம்பருக்குப் பின்னால்

அத்தியாயம் 4

“லேசான கீறல்.”

ஹால்திஸ் அந்த இரண்டு வார்த்தைகளை மூன்றாவது தடவையாகப் படித்தாள். முதல் தடவை மனதுக்குள், இரண்டாவது தடவை வாய்விட்டு. மூன்றாவது தடவை படித்தபோது கொட்டகை உத்தரத்தில் காயப்போட்டிருந்த காட் மீன் ஒன்று கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. தலையை வெட்டிக் காயப்போட்ட மீனுக்குக் கண் ஏது என்று கேட்பவர்கள் ஹால்திஸுக்குக் கோபம் வந்து பார்த்ததில்லை. தொர்மோத் பார்த்திருக்கிறான். அதனால் கையிலிருந்த காபிக் கோப்பையோடு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றான்.

“பம்பரைக் கழட்டிப் பாத்தானா அந்த இன்சூரன்ஸ் ஆளு?” என்றாள் ஹால்திஸ்.

“காரை விட்டே இறங்கல” என்றாள் ரன்வேய். “கண்ணாடியை இறக்கி எட்டிப் பாத்தான். மழை வருதுன்னான். போயிட்டான்.”

“மழையா? பிப்ரவரியிலயா?”

“பனிதான் பெஞ்சது. அதையும் சரியா பாக்கல.”

ஹால்திஸ் அறிக்கையை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் திணித்தாள். இருபத்திரண்டு வருஷம் அவளே அந்த வேலையைச் செய்தவள். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் இடிபட்ட கார்களைப் பார்த்துச் சேதம் எழுதுவது. பம்பரைக் கழற்றாமலே எழுதினால் ஒரு நாளில் பத்து கார் முடியுமே என்று மேலாளர் சொன்ன அன்றைக்கு, ஒரு பம்பரைக் கழற்றிக்கொண்டு போய் அவர் மேஜையின் மேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். மேலாளரின் பம்பர் அது. இப்போது சோல்விக் கிராமத்தில் தனியாகத் துப்பறிகிறாள்.

தொர்மோத் அவளுடைய உதவியாளன். பத்தொன்பது வருஷம் ஃபெரியின் சிற்றுண்டிக் கடையில் ஸ்வேலெ சுட்டவன். உள்ளங்கை அகல அப்பத்தில் வெண்ணெயும் சர்க்கரையும் தடவி மடித்துக் கொடுத்தால் ஸ்வேலெ. இடுப்பு போன பிறகு இங்கே வந்தான். கார்களைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் எந்தப் பக்கம் ஏறவேண்டும் என்பதுதான்.

“முதல்லேர்ந்து சொல்லு” என்றாள் ஹால்திஸ். “கோபப்படாம.”

“கோபப்படாம சொல்ற மாதிரி இதுல ஒரு வரி கூட இல்லக்கா!” ரன்வேய் காரின் கூரையில் குத்தினாள். கூரையிலிருந்த எல் பலகை குலுங்கியது. “போன வாரம் புதன்கிழமை, காலையில எட்டு பத்து ஃபெரி. மூணாம் வரிசை. எனக்கு முன்னாடி அஸ்லாக். நான் ஹேண்ட் பிரேக் போட்டேன், ஃபர்ஸ்ட் கியர்ல விட்டேன், மேல போய் ஸ்வேலெ வாங்கினேன். இறங்கி வந்து பாத்தா அந்த மனுஷன் என் வண்டிய போட்டோ எடுத்துட்டு நிக்கிறாரு. ‘உன் வண்டி உருண்டு வந்து என்னை இடிச்சிது’ங்கறாரு. ‘நான் உள்ளயே உக்காந்திருந்தேன், என் வண்டி அசையவே இல்ல’ங்கறாரு.”

“பாத்தவங்க?”

“ஃபெரியில யாரு கீழ உக்காருவாங்க? எல்லாரும் மேல, க்யூல.”

அஸ்லாக் யார் என்று சோல்விக்கில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சாலை அலுவலகத்தின் ஓட்டுநர் தேர்வாளர். முப்பத்தொரு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பென்சிலால் தொடையைத் தட்டியபடி ஜனங்களைத் தோற்கடிக்கிறவர். பின்னால் எடுக்கும்போது தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கவில்லை என்பதற்காகத் தன் சொந்த மைத்துனனை நாலு முறை தோற்கடித்தார். ஐந்தாம் முறை மைத்துனன் கழுத்தைத் திருப்பின திருப்பில் அது அப்படியே நின்றுவிட்டது. இன்றைக்கும் அவன் பக்கவாட்டில்தான் நடக்கிறான்.

ரன்வேய் அந்தக் கரையில் இருக்கும் ஒரே ஓட்டுநர் ஆசிரியை.

“திங்கட்கிழமை விசாரணை” என்றாள். “ஆளில்லாத பயிற்சி வண்டி உருண்டுதுன்னு எழுதிக் குடுத்திருக்காரு. எழுதினவரு தேர்வாளர். படிக்கப்போறவங்க அவரோட காபி குடிக்கிறவங்க. என் கற்பிக்கிற உரிமத்தை எடுத்துருவாங்க. பதினேழு வருஷம்! ஹேண்ட் பிரேக் போட மறந்தவன்னு என் பேரு இந்த ஊர்ல நிக்கணுமா?”

“நிக்காது” என்றாள் ஹால்திஸ். “வண்டிய அதுக்கப்புறம் ஓட்டினியா?”

“படகுத்துறையிலேர்ந்து இங்க வரைக்கும். நானூறு மீட்டர். அப்புறம் தொடவே இல்ல. பாத்தாலே பத்திக்கிட்டு வருது.”

“நல்லது. தொர்மோத், அந்தக் கோப்பைய வச்சிட்டுப் பம்பரோட அந்தப் பக்கத்தைப் புடி.”

“எந்தப் பக்கம்க்கா?”

“நான் புடிக்காத பக்கம்.”

பத்து நிமிஷத்தில் பம்பர் கையோடு வந்தது. வெளியே பார்த்தால் நகக்கீறல் அளவுதான். வளைந்து கொடுத்துவிட்டுத் திரும்பவும் பழைய வடிவத்துக்கு வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தது அந்தப் பிளாஸ்டிக். அஸ்லாக்கின் முகம் போலவே, என்றான் தொர்மோத்.

உள்ளே இருந்த தெர்மோகோல் பட்டைக்கு நடிக்கத் தெரியவில்லை. நடுவில், உருண்டையாக, ஒரு குழி. அதற்குப் பின்னாலிருந்த இரும்புச் சட்டம் உள்வாங்கியிருந்தது. ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தில் விரல் நீள விரிசல்.



“லேசான கீறல்” என்றான் தொர்மோத்.

“இதோட யாராவது அம்பது கிலோமீட்டர் ஓட்டியிருந்தா ரேடியேட்டர் ரோட்டுல கிடந்திருக்கும்.” ஹால்திஸின் கழுத்து நரம்பு புடைத்தது. “பதினெட்டு வயசுப் புள்ளைங்க ஓட்டற வண்டிடா இது! சுரங்கப்பாதைக்குள்ள போற வண்டி!” அறிக்கையை வெளியே எடுத்து, மறுபடி பார்த்து, மறுபடி திணித்தாள். “ஃபெரித் தளம் மேஜை மாதிரி சமமா இருக்கும். சும்மா உருண்டு வந்த வண்டி முத்தம் குடுக்கும். இது குத்து.”

தொர்மோத் குழிக்குள் முஷ்டியை வைத்துப் பார்த்தான். கொஞ்சம் பெரிய முஷ்டியாக இருந்தது. பிறகு, பம்பரின் காற்று வரும் இடுக்கில் எதையோ பிடித்து இழுத்தான். மஞ்சளாகச் சுருண்ட பஞ்சு.

“கோழிக்குஞ்சை இடிச்சிருக்கா” என்றான்.

“டென்னிஸ் பந்து” என்றாள் ஹால்திஸ்.

“ஓ!” தொர்மோத் நெற்றியில் அடித்துக்கொண்டான். அந்தக் கரையில் படகு இல்லாத வீடு கிடையாது, படகை இழுக்கும் கொக்கி இல்லாத காரும் குறைவு. கொக்கி முனையிலிருக்கும் இரும்புக் குண்டின் கிரீஸ் கால்சட்டையில் படாமலிருக்க எல்லாரும் பழைய டென்னிஸ் பந்தை வெட்டி மாட்டிவைப்பார்கள். டென்னிஸ் மைதானமே இல்லாத ஊரில் வருஷத்துக்கு நானூறு பந்து விற்கிறது.

ரன்வேய் தன் கைப்பேசியில் அஸ்லாக்கின் காரைக் காட்டினாள். புத்தம்புது மின்சாரக் கார். பின்னால் கொக்கி இல்லை. “புகாரோட அவரு வச்ச படம் இது. கொக்கியே கிடையாதுன்னு சொல்றாரு. அன்னிக்கு நான் கவனிக்கல.”

“எப்ப எடுத்தது?”

ரன்வேய் தேதியைப் பார்த்தாள். “வியாழக்கிழமை.”

“மறுநாள். கழட்டற மாதிரி கொக்கி. ராத்திரியே உருவி எடுத்திருக்கான். நீ போய் இடிச்சிருந்தா அவன் எதுக்கு ஒளிக்கணும்?” ஹால்திஸ் கை விளக்கைத் தொர்மோத்திடம் நீட்டினாள். “ஒளிச்சான்ங்கறது போதாது. யாரு அசைஞ்சதுன்னு தெரியணும். கீழ படு.”

“எனக்கு இடுப்பு—”

“படுத்தாதான் சரியாகும்.”

தொர்மோத் படுத்தான். அவன் வயிறு காருக்கும் தரைக்கும் நடுவே அடைத்துக்கொண்டதில் காரே இரண்டு விரற்கடை உயர்ந்தது. குளிர்காலத்து ஆணி டயர்கள். பனியைப் பிடிக்க ரப்பரில் நூறு சின்ன ஆணிகள்.

“பின் டயர்ல என்ன இருக்கு?”

“ஆணி இருக்குக்கா. எல்லாம் நேரா நிக்குது, ராணுவம் மாதிரி... இரு. இங்க ஒரு கையகலத்துக்கு எல்லாம் சாஞ்சி கிடக்கு. ரெண்டு டயர்லயும். சம்பள நாள் சாயங்காலம் மாதிரி.”

“எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?”

“முன்பக்கமா.”

ஹால்திஸ் முதன்முறையாகப் பல் தெரியச் சிரித்தாள். அது சிரிப்பு மாதிரி இல்லை. “சக்கரம் சுத்தவே இல்ல. பூட்டியிருந்த சக்கரத்தைப் பின்னாடி தள்ளிட்டுப் போயிருக்கான் ராஸ்கல். ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் புடிக்கும். ரன்வேய், நீ பிரேக் போட்டிருந்த! முன் டயரைப் பாருடா.”

தொர்மோத் நகர்ந்தான். காரும் கூடவே கொஞ்சம் நகர்ந்தது.

“முன் டயர்ல எல்லாம் நேரா இருக்கு.”

“ஒண்ணு கூடச் சாயலையா?”

“ஒண்ணு கூட.”

ஹால்திஸின் சிரிப்பு போய்விட்டது. மெல்லத் திரும்பினாள். ரன்வேய் கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்த மண்வெட்டியை மிகுந்த ஆர்வத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கியர்ல போட்டிருந்தா முன் சக்கரமும் இறுகியிருக்கும்” என்றாள் ஹால்திஸ். “நீ கியர்ல போடல.”

ரன்வேய் மண்வெட்டியின் காம்பிலிருந்த தூசியைத் துடைத்தாள்.

“போடல, இல்ல?”

“...ஸ்வேலெ வாசனை வந்திச்சு. அதுக்குள்ள பஸ்ல வந்த கும்பல் ஏறிட்டு இருந்தாங்க. கடைசியா போனா தீஞ்சதுதான் கிடைக்கும்.”

“என் காலத்துல தீயாது” என்றான் தொர்மோத் காரின் அடியிலிருந்து.

“வாய மூடு! ரன்வேய், ரெண்டும் போட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கியே!”

“பின்ன என்ன பண்ணச் சொல்றீங்க? பதினேழு வருஷமா ஒவ்வொரு பாடத்துலயும் கத்தறேன், பிரேக், அப்புறம் கியர், பிரேக், அப்புறம் கியர்னு! நானே விட்டுட்டேன்னு எப்படி எழுதுவேன்?”

“பிரேக் போட்டா போதும்டி சட்டத்துக்கு! கியர் உன் கௌரவம். நீ சொன்ன ஒரு பொய் அந்தாளு சொன்ன அத்தனை பொய்க்கும் சம்பளம் வாங்காம வேலை பாக்குது. இந்த டயரை நான் திங்கட்கிழமை காட்டினா முதல்ல மாட்டறது நீ!”

உத்தரத்து மீன்கள் எல்லாம் ஒன்றாகச் சுவர்ப் பக்கம் திரும்பித் தொங்கின.

“அவரு முன்னாடி நானே சொல்றேன்” என்றாள் ரன்வேய். முகம் பீட்ரூட் நிறத்தில் இருந்தது. “என் பொய்ய நான் எடுத்துக்கறேன். அவரு பொய்ய அவரு எடுத்துக்கட்டும்.”

“அதுக்கு அந்தப் பந்து வேணும்” என்றாள் ஹால்திஸ். “குத்தின குத்துல கழண்டிருக்கும். எங்க விழுந்திச்சோ.”

காரின் அடியிலிருந்து ஒரு கை நீண்டது. “என்னை வெளிய இழுங்க. ஃபெரியில விழுந்ததெல்லாம் ஒரே ஒரு பெட்டிக்குத்தான் போகும்.”

*

வெள்ளிக்கிழமை இரண்டு மணி ஃபெரி. அஸ்லாக் எதிர்க்கரையிலிருக்கும் வீட்டுக்குப் போவது அதில்தான். மூவரும் நடந்தே ஏறினார்கள்.

கடையில் யோருன் இருந்தாள். தொர்மோத்தின் இடத்துக்கு வந்தவள்.

“யோவ், வந்துட்டியா குறை சொல்ல!”

“மாவுல உப்பு ஜாஸ்தி” என்றான் தொர்மோத், சாப்பிடாமலே. “கண்டெடுத்த சாமான் போடற பெட்டிய எடு.”

பெட்டிக்குள் எழுபது கையுறைகள் இருந்தன. எழுபதும் இடது கை. ஒரு பல்செட்டு இருந்தது. புயல் வருகிற அன்று அது தானாகக் கடகடக்கும் என்பதால் மாலுமிகள் அதைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்களாம். அடியில் ஒரு டென்னிஸ் பந்து. ஒரு பக்கம் கறுப்பாகத் தேய்ந்து, சுற்றிலும் நாய்ப்பல் தடம். அதில் ஒட்டியிருந்த சீட்டில் யோருனின் கையெழுத்து: புதன், 8.10, மூணாம் வரிசை.

“யாரும் கேட்டு வரலையா?”

“யாரும் வரல. பந்துக்கு யாரு வருவா?”

“கொக்கியே இல்லாதவன் எப்படி வருவான்” என்றாள் ஹால்திஸ், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஜன்னலோர மேஜையில் அஸ்லாக் ஸ்வேலெயைச் சரியாக எட்டுத் துண்டாக வெட்டியிருந்தார். காலடியில் அவருடைய நாய் ராஸ்க் படுத்திருந்தது. மூன்று பேர் வந்து எதிரே நின்றதும் துண்டுகளை ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

“எது பேசறதா இருந்தாலும் திங்கட்கிழமை” என்றார்.

“நான் கியர்ல போடல” என்றாள் ரன்வேய். கடையிலிருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. “போட்டேன்னு எழுதினது பொய். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தேன். டயர்ல சாட்சி இருக்கு. நீங்கதான் பின்னாடி வந்து இடிச்சீங்க.”

அஸ்லாக் பென்சிலை எடுத்துத் தொடையில் தட்டினார். “பொய்க் கையெழுத்து. நல்லது. அதையும் சேத்துக்கறேன்.”

“அவ பொய் ஒண்ணு” என்றாள் ஹால்திஸ். “உங்க கொக்கி எங்க, சார்?”

“என் வண்டிக்குக் கொக்கி கிடையாது. வாங்கும்போதே வேணாம்னுட்டேன்.”

“பந்து?”

“எந்தப் பந்து?”

ஹால்திஸ் பந்தை மேஜையில் வைத்தாள். அஸ்லாக் அதைப் பார்த்தார். தேர்வுத்தாளைப் பார்க்கிற மாதிரி, முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல்.

“இந்த நாட்டுல லட்சம் பந்து இருக்கு அம்மா. இதுல என் பேரு எழுதியிருக்கா?”

எழுதியிருக்கவில்லை. ஹால்திஸிடம் அடுத்த கேள்வி இல்லை என்பது தொர்மோத்துக்குத் தெரிந்தது. அவள் மேஜை விளிம்பைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால், மேஜை அடுத்த கரை வரைக்கும் தாங்காது என்றும் தோன்றியது. அதனால் ஒரு ஸ்வேலெத் துண்டைத் திருட அவன் கையை நீட்டினான். முழங்கை இடித்தது. பந்து உருண்டு கீழே விழுந்தது.

ராஸ்க் எழுந்தது. பந்தைக் கவ்வியது. பழைய சிநேகிதனைக் கண்ட மாதிரி வாலை ஆட்டிவிட்டு, படிக்கட்டில் பாய்ந்து இறங்கியது.

“ராஸ்க்! வேணாம்! உக்காரு!” அஸ்லாக் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. கடையே பின்னால் இறங்கியது.

கீழ்த்தளத்தில், மூன்றாம் வரிசையில், நாய் அந்தப் புதுக்காரின் பின்னால் நின்றுகொண்டிருந்தது. கழுத்தை நீட்டி, பம்பருக்குக் கீழே, நடுவில், வெறும் காற்றின் மேல், பந்தை மெல்ல வைத்தது. பந்து கீழே விழுந்தது. நாய் அதைக் கவ்வி எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தது. விழுந்தது. மறுபடி வைத்தது. பிறகு எஜமானரை நிமிர்ந்து பார்த்தது: எல்லாம் சொன்னபடிதானே செய்கிறேன், எங்கே போயிற்று அது?

“படகைக் கழட்டினதும் பந்தைக் கொண்டாந்து மாட்டறதுக்குப் பழக்கியிருக்காரு” என்றான் தொர்மோத், நிஜமான மரியாதையோடு. “முப்பத்தொரு வருஷத்துல இவர் கிட்ட பாஸான ஒரே ஆளு.”

ஹால்திஸ் குனிந்து, பம்பருக்கு அடியிலிருந்த சின்ன மூடியை விரலால் தள்ளினாள். கொக்கி செருகும் துளை. விரலை எடுத்துக் காட்டினாள், கிரீஸ் பளபளத்தது.

“டிக்கியத் திறக்கறீங்களா, நாயத் திறக்கச் சொல்லவா?”

அஸ்லாக் சுற்றிலும் பார்த்தார். படிக்கட்டு முழுக்க ஜனம். அதில் பாதிப் பேர் அவரிடம் தோற்றவர்கள். மைத்துனனும் இருந்தான், பக்கவாட்டில்.

“அப்ப வண்டி வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்திச்சு” என்றார். குரல் காலரைத் தாண்டி வெளியே வரவில்லை. “பழைய வண்டியில லீவரை மேல தள்ளினா முன்னாடி போகும். இதுல... சத்தமே வரல. கரை வந்திருச்சேன்னு அவசரத்துல...”

“அதைச் சொல்லியிருந்தா ஒரு கை குலுக்கலோட முடிஞ்சிருக்கும்!” ஹால்திஸ் போட்ட கத்தலில் ஃபெரி ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. கேப்டன் அதைக் காற்று என்று பதிவேட்டில் எழுதினார். “உங்க கௌரவத்துக்காக இவ பொழப்ப எடுக்கப் பாத்தீங்களே! உள்ள விரிசலோட அந்த வண்டி ரோட்டுக்குப் போயிருந்தா?”

ஜாக்கெட்டிலிருந்து ‘லேசான கீறல்’ அறிக்கையை எடுத்தாள். நான்காக மடித்ததை இரண்டாகக் கிழித்து, வெற்றுப் பக்கம் மேலே இருக்கும்படி காரின் டிக்கி மேல் வைத்தாள். “ஆளுக்கு ஒண்ணு. எழுதுங்க.”

ரன்வேய் முதலில் எழுதினாள். கியரில் போடவில்லை. ஒரே வரி, கையெழுத்து. அஸ்லாக் தன் பென்சிலால் எழுதினார். அவருக்கு ஐந்து வரி ஆயிற்று. கரை நெருங்கிவிட்டது. ஹால்திஸ் இரண்டு தாளையும் வாங்கிப் படித்துவிட்டுத் தலையசைத்தாள்.

ரன்வேய் மட்டும் நகரவில்லை.

“ஒரு கேள்வி” என்றாள். அஸ்லாக்கின் கையிலிருந்து பென்சிலை எடுத்து, தன் தொடையில் மெதுவாகத் தட்டினாள். “பின்னால எடுக்கறதுக்கு முன்னாடி, தோளுக்கு மேல திரும்பிப் பாத்தீங்களா?”

அஸ்லாக் நாயைப் பார்த்தார்.

“...இல்ல.”

“கண்ணாடியிலயாவது?”

“இல்ல.”

“தோல்வி” என்றாள் ரன்வேய். “நாலு வாரம் கழிச்சு வாங்க.”

ஃபெரியின் முன்பக்கக் கதவு திறந்தது. தளத்து ஆள் கையசைத்தான். அஸ்லாக் நாயை ஏற்றி, தானும் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். முன்னால் பாதை காலியாகக் கிடந்தது. ஆனாலும் அவர் லீவரைத் தொடுவதற்கு முன் மெல்லக் கழுத்தைத் திருப்பி, தோளுக்கு மேல், பின்னால் பார்த்தார்.

ரன்வேய் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். அவர் போகிற வரைக்கும் நகரவில்லை.